ஆணியில்லாத மரக்கலம்

எமது சிங்கள அயலவர்கள் எம்மை 'மரக்கல மினிஸ்ஸு' என்று அழைப்பதுண்டு. அன்பாகவும் சொல்வார்கள், கோபம் வந்தாலும் சொல்வார்கள். மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதே அதன் பொருள் என்று நம்மில் பெரும்பாலோர் விளங்கி வைத்திருக்கிறோம். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியவர்கள், வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார் என்பன பற்றி நிறையவே விவாதித்துள்ளனர். ஆனால் அவர் ஏறிவந்த மரக்கலம் எப்படிப்பட்டது, நம்பி ஏறத்தக்கதா, அல்லது செலவைக் குறைத்து ஒப்பேற்றிக் கட்டிய பொருளா என்ற கேள்வியை அக்கறையோடு கேட்டவர்கள் குறைவு. நமது விழா மலர்களின் அட்டையில் பாய்விரித்த கப்பலொன்றின் படத்தைப் போடுவதோடு விடயம் முடிந்துவிடுகிறது. அதுவும் அநேகமாக விலாவில் பீரங்கித் துளைகள் கொண்ட ஐரோப்பியக் கப்பலாகவே இருக்கும்!

இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான விடையைச் சொல்லிச் சென்றவர் மார்க்கோ போலோ. 1270களின் தொடக்கத்தில் அவர் பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹொர்முஸ் துறைக்கு வந்தார். அங்கு கண்ட கப்பல்களைப் பற்றி அவர் தரும் வருணனையில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவை படுமோசமானவை, பல கடலில் அழிந்து போகின்றன, இரும்பாணி இல்லை, தேங்காய் மட்டையின் தும்பைத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருக்கிறார்கள், கீல் பூசுவதில்லை, மீனெண்ணெய் தடவுகிறார்கள், ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான், மேல்தளம் கிடையாது. சரக்கை ஏற்றியபின் அதன்மேல் தோல்களை விரித்து, அந்தத் தோல்களின் மேல் இந்தியாவுக்கு விற்கக் கொண்டுபோகும் குதிரைகளை நிறுத்துகிறார்கள். இவற்றில் பயணம் போவது உயிராபத்து என்பது அவரது தீர்ப்பு. அந்த முதற்பயணத்தில் அவர் கடல் வழியே போகாமல் தரைவழியைத் தேர்ந்ததற்கு இந்தக் கப்பல்களே காரணமாயிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர்.

இத்தீர்ப்பு ஏழு நூற்றாண்டுகளாக நூலுக்கு நூல் தொடர்ந்து வந்திருக்கிறது. அரபிகளும் பாரசீகரும் மலபாரிகளும் கயிற்றால் கட்டிய ஓட்டைப் படகுகளில் அலைந்தார்கள், பின்னர் ஆணியடித்த கப்பல்களோடு ஐரோப்பியர் வந்து உண்மையான கப்பற்கலையைக் காட்டினார்கள் என்பது அதன் சாரம். நமது பக்கத்தில் இதற்கு எதிராக எழுதுவோர் உணர்ச்சிவசப்பட்டு, எமது முன்னோரின் கப்பல்கள் உலகிலேயே தலைசிறந்தவை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஒரு வாடிக்கையாளன் படகு வாங்கப் போகும்போது பார்ப்பதுபோல இந்தக் கப்பலைச் சுற்றிவந்து பார்க்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டுமானம். ஐரோப்பிய முறையில், பிற்காலத்தில், முதலில் எலும்புக்கூடு போல வங்குக்கால்களை நிறுத்தி அவற்றின்மேல் பலகைகளை அறைந்தார்கள். இந்து சமுத்திரத்துத் தையற் கப்பலில் ஒழுங்கு தலைகீழ். அடிமரத்தை வைத்து, அதிலிருந்து பலகைமேல் பலகையாக ஓரத்தோடு ஓரம் பொருத்தித் தைத்துக்கொண்டே மேலே வருவார்கள். ஓடு உருவானபின்தான் உள்ளே வங்குகள் வைத்துக் கட்டப்படும். பலகையின் ஓரத்தில் இணை இணையாகத் துளைகள். இரு பலகைகளும் சந்திக்கும் இடுக்கின்மேல் தும்பை நீளத் திரணையாக வைத்து, அதற்கு மேலாகக் கயிற்றை ஓட்டி, நெம்பிக் கட்டையால் இறுக்குவார்கள். இறுகியதும் ஒவ்வொரு துளையிலும் ஆப்பை அடித்து அடைத்துவிடுவார்கள். ஆண்டு ஒன்பதில் இதைப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள், "சேர், ஓரிடத்தில கயிறு அறுந்தா முழுக்கப்பலும் பிரிஞ்சிடாதா?" நல்ல கேள்வி. நாம் உடுப்புத் தைக்கும் நூல் அப்படித்தான் பிரிகிறது. இங்கு அப்படியில்லை. ஒவ்வொரு துளையிலும் அடைத்த ஆப்பு அந்தந்தத் தையலைப் பூட்டிவிடுவதால், ஒன்று அறுந்தாலும் மற்றவை தம் இடத்திலேயே நிற்கும்.

ஏன் ஆணியடிக்கவில்லை? இதற்குப் பழைய உலகம் ஓர் அழகான கதையை வைத்திருந்தது. கடலில் காந்தமலை ஒன்று உண்டு, அதை நெருங்கும் கப்பலின் ஆணிகளையெல்லாம் அது பிடுங்கிவிடும் என்பது அக்கதை. ஆயிரத்தோரு இரவுகளில் வருவதால் நமக்குத் தெரியும். ஆனால் கதை அதைவிடப் பழையது. 2ஆம் நூற்றாண்டில் தொலமி இலங்கைக்கு அப்பால் உள்ள தீவுகளோடு இதனை இணைத்துக் கூறுகிறார். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் இதை மறுத்தார். செங்கடலில் ஓடும் உரோமரின் கப்பல்களிலும் இரும்பு இருக்கிறதே, அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லையே என்று கேட்டார். நியாயமான வாதம். ஆனால் அடுத்ததாக அவர் சொன்ன காரணம், இந்தியரிடம் இரும்பு இல்லை என்பது, காந்தமலையைப் போலவே பிழையானது. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே உலையை மூட்டி இரும்பு உருக்கியதை அகழ்வாய்வுகள் நிரூபித்துவிட்டன. கி.பி. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் அங்கே பெரிய அளவில் நடந்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அல்-கிந்தி, ஸரந்தீபின் உருக்கைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறார். வாளுக்கு இரும்பு ஏற்றுமதி செய்த நாட்டுக்குக் கப்பல் ஆணிக்கு இரும்பு கிடைக்காமற் போயிருக்க முடியாது. ஆணி விலை கூடியது, தும்பு விலை குறைந்தது என்பது வேறு விடயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கடலோடிகள் தாமே சொன்ன காரணங்கள் வேறு. 10ஆம் நூற்றாண்டில் மஸ்ஊதி, இந்தக் கடலின் நீர் இரும்பைத் தின்றுவிடுவதால் ஆணிகள் மெலிந்து போகின்றன, ஆகவேதான் நாரால் தைத்துக் கொழுப்பும் சுண்ணமும் பூசுகிறார்கள் என்று எழுதினார். இப்னு பதூதா மாலைதீவுக் கயிற்றைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இன்னொரு காரணத்தைத் தருகிறார். இந்தக் கடலில் பாறைகள் அதிகம். ஆணியடித்த கப்பல் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்தது விட்டுக்கொடுத்துத் தப்பிவிடும் என்கிறார். மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, தடியால் அடித்து, பெண்கள் கயிறாகத் திரித்து, அது இந்தியாவுக்கும் யெமனுக்கும் போவதை அவர் கூறும்போது, எங்கள் பக்கத்துத் தும்புக் கிடங்குகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு சொல்லும் அந்நியமாகத் தோன்றாது.

மஸ்ஊதி சொன்னதை நான் வேறொருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். நான் படிப்பிக்கும் ஊர் புத்தளம் களப்போரத்தில் உள்ளது. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், வள்ளம் திருத்துவதில் கைதேர்ந்தவர், ஒரு மாலை நேரம் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், இரும்பாணி பலகைக்குள்ள இரிந்து உக்கிப் போகும். வெளியால பாத்தா மண்ட மட்டும் நல்லா இரிக்கும். கயிறு அப்பிடியில்ல. விரல வச்சி இழுத்துப் பாக்கலாம், நகத்தால சொரண்டிப் பாக்கலாம்." படகின் தரத்தை மதிப்பிடுவது பற்றி நான் வாசித்த எதிலும் இவ்வளவு தெளிவான வித்தியாசத்தைக் காணவில்லை. தையற் கப்பலில் பழுது மறைந்திருப்பதில்லை. நீர் கசியும் இடம் உள்ளிருந்தே தெரியும், அந்த இடத்துத் தையலை மட்டும் பிரித்துப் புதுப்பிக்கலாம். அதற்குக் கப்பற்பட்டறை வேண்டியதில்லை. வெண்மணற் கரையொன்றும் ஒரு கட்டுக் கயிறும் போதும். இதிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது. கசிவு எப்போதும் இருக்கும், எப்போதும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் தடவுவதை ஒரு பருவம் மறந்தால் தும்பு காய்ந்து நொறுங்கும். பராமரிக்கப்படாத தையற் கப்பலைப் போலப் பயங்கரமானது வேறில்லை.

இந்த நெகிழ்ச்சிக்குச் சிறந்த சாட்சி சென்னைக் கடற்கரையில் இருந்தது. ஆங்கிலேயர் 1639இல் அங்கு இடம்பிடித்தபோது துறைமுகம் என்று எதுவும் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, கரையில் ஓயாது உடையும் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் இறக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் சொந்தப் படகுகள் அந்த அலையில் நொறுங்கின. அதைத் தாண்டியது உள்ளூர் மசூலாப் படகு. மெல்லிய பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்தது, வங்குக்கால்கூட இல்லாதது. அலை தூக்கி மணலில் அறையும்போது அது கூடைபோல வளைந்து கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும்வரை ஆளுநர்களும் அவர்தம் சீமாட்டிகளும் நீதியரசர்களும் அந்தக் கயிற்றுப் படகில்தான் கரையேறினார்கள். முழங்கால் நனைந்ததைப் பற்றி முறைப்பாடு செய்தார்களே தவிர, ஆணியடித்த படகைக் கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் மார்க்கோ போலோ பொய் சொன்னாரா? இல்லை. அவரைவிடக் கடுமையாக எழுதிய ஒருவர் நம்மிடையேயும் இருக்கிறார்.

கிரனடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183 ஜூலையில் செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள அய்தாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்தார். அவர் ஏறியது 'ஜலபா' எனப்படும் தையற் படகு. அதன் கட்டுமானத்தை அவர் ஒரு பொறியியலாளர்போல விவரிக்கிறார். ஆணி கிடையாது, தேங்காய்த் தும்புக் கயிறு, இடுக்குகளுக்குப் பேரீச்ச மரச் சிராய்கள், பிறகு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள், சுறா எண்ணெயே சிறந்தது, பாறைகள் மலிந்த அக்கடலில் மரம் இளகி நெகிழ வேண்டும் என்பதே நோக்கம். மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யெமனிலிருந்தும் வந்தவை. பாய், ஒருவகைப் பனையின் ஓலையில் பின்னியது. இவற்றில் போவோரை அல்லாஹ்வே காக்க வேண்டும் என்ற பாங்கில் எழுதுகிறார். ஆனால் அவரது கோபம் முழுவதும் கொட்டுவது கயிற்றின் மீதல்ல, படகின் சொந்தக்காரர் மீது. ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவர் உட்காரும்வரை, கோழிக்கூட்டில் அடைப்பதுபோல அடைக்கிறார்கள். படகு கட்டிய செலவை ஒரே பயணத்தில் எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு கடல் அதை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. படகு எங்கள் பொறுப்பு, உயிர் ஹாஜிகளின் பொறுப்பு என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்களாம். அய்தாப்வாசிகளும் முஸ்லிம்கள்தாம், ஏறியவர்கள் அல்லாஹ்வின் விருந்தாளிகள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முன்னோர் பெருமை பேசும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் காணாமற் போய்விடுகிறது.

இப்னு ஜுபைரின் அந்த ஜலபா புயலில் அகப்பட்டும் அவரை ஜித்தாவில் சேர்த்தது. அவர் உண்மையில் கப்பற்சேதத்தில் சிக்கியது வேறோரிடத்தில். திரும்பும்போது அக்காவிலிருந்து ஏறிய ஜெனோவாக்காரரின் பெரிய கப்பல், 1184 டிசம்பரில், இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையிலான மெஸ்ஸினா நீரிணையில் கரைதட்டி உடைந்தது. அதில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவ யாத்திரிகர்கள் இருந்ததாக அவர் எழுதுகிறார். அது மத்தியதரைக் கடலின் முறைப்படி ஆணியடித்துக் கட்டியது.

மார்க்கோ போலோ வாயாரப் புகழ்ந்த சீனக் கப்பல்களின் கதையும் இவ்வாறே. நான்கு பாய்மரம், இரட்டைப் பலகை, இரும்பாணி, நீர் புகாத அறைகள், வணிகர் தங்க அறுபது கூடங்கள். 1340களின் தொடக்கத்தில் டில்லி சுல்தானின் தூதராக இப்னு பதூதா கள்ளிக்கோட்டையிலிருந்து சீனாவுக்குப் போகவிருந்தது அத்தகைய ஒன்றில்தான். நல்ல அறை கிடைக்கவில்லை என்று முறைப்பட்டு, தன் உடைமைகளைச் சிறிய கப்பலுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில், ஒதுங்க இடமில்லாத அந்தத் துறையில், சீனச் சக்கரவர்த்திக்கான பரிசில்களோடு பெரிய கப்பல் கரையில் மோதிச் சிதறியது, அதிலிருந்தோர் மாண்டனர். எவ்வளவு நல்ல கட்டுமானமும் தவறான இடத்தில் நங்கூரமிட்டால் பயனில்லை.

ஆகவே ஆணியா கயிறா என்பது கப்பலின் தரத்தைத் தீர்க்கும் கேள்வியே அல்ல என்று எனக்குப் படுகிறது. ஹொர்முஸ் கப்பல்கள் ஏன் அவ்வளவு மோசமாயிருந்தன என்பதற்கு விடை மார்க்கோ போலோவின் நூலிலேயே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. மஃபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரைக்கு ஹொர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் வருவதை அவர் சொல்கிறார். மன்னன் ஒருவனே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. இலாடம் அடித்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கு போய்ச்சேராதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்தது விற்கும் என்கிறார். 'பல கப்பல்கள் அழிகின்றன' என்று சொன்ன அதே மனிதர், அந்தக் கப்பல்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கரைசேர்த்ததையும் சொல்கிறார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இதே வணிகத்தைப் பற்றி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் தகவல் இன்னும் முக்கியமானது. கிஷ் தீவின் அதிபதியும் பெருவணிகருமான ஜமாலுத்தீன் பாண்டியனுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார். வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் 10,000 வரை சென்றன. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். அதில் ஒரு நிபந்தனை: வழியில் இறந்துபோகும் குதிரைகளுக்கும் விலையைப் பாண்டியனின் கருவூலமே கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் பாண்டியனின் அவையில் அமைச்சராயிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிபந்தனை எப்படி வந்தது என்பது புதிரல்ல.

கடலில் போகும் குதிரைக்கும் விலை வந்துவிடுகிறதென்றால், மேல்தளம் போட எவன் செலவழிப்பான்? இரண்டாவது பாய்மரம் எதற்கு? இரண்டு சுக்கான் எதற்கு? அய்தாபின் படகுக்காரன் ஒரு பயணத்தில் முதலை எடுத்தான். கிஷ் வணிகரின் இழப்பைப் பாண்டிய நாட்டு உழவனின் வரிப்பணம் ஈடுசெய்தது. இரண்டு இடத்திலும் கப்பல் மோசமானதற்குக் காரணம், அது மூழ்கினால் நட்டப்படுபவன் அதைக் கட்டியவன் அல்லன் என்பதே. தும்புக் கயிறு மலிவானது, எனவே மலிவாகக் கட்ட நினைத்தவனுக்கு அது கைகொடுத்தது. குற்றம் கயிற்றினுடையதல்ல.

இது பழங்கதை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எமது கரைகளுக்கு நன்கொடையாகக் கண்ணாடி இழைப் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில், போட்டி போட்டுக்கொண்டு கட்டப்பட்ட அவற்றில் கடலுக்கு உதவாத தரங்குறைந்தவையும் கலந்திருந்ததை உணவு விவசாய ஸ்தாபனமே அப்போது எடுத்துக்காட்டியது. புதிய வர்ணம், பெரிய எழுத்தில் கொடுத்தவர் பெயர். உள்ளே இழைப்படலம் எத்தனை அடுக்கு என்பதை வெளியிலிருந்து எவரும் காணமுடியாது. மேலே நான் சொன்ன பெரியவரின் விரலுக்கும் அங்கே வேலையில்லை. கொடுத்தவரும் கட்டியவரும் அதில் ஏறிக் கடலுக்குப் போகப்போவதில்லை.

கட்டியவனே ஏறிப்போன கப்பல்களும் இருந்தன. 10ஆம் நூற்றாண்டில் சீராப் நகரத்து அபூ ஸைத் சொல்லும் ஓமானியரை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சுக் கருவிகளோடு தென்னந்தீவுகளுக்குப் போவார்கள். மரத்தை வெட்டிக் காயவிட்டு, பலகை அறுத்து, தும்பில் கயிறு திரித்துத் தைப்பார்கள். பாய்மரமும் தென்னை, பாயும் தென்னோலை. கப்பல் முடிந்ததும் தேங்காயை நிரப்பிக்கொண்டு ஓமானுக்குத் திரும்புவார்கள். கப்பலும் சரக்கும் ஒரே மரத்திலிருந்து! இதைவிடச் செலவு குறைந்த கப்பலை எவரும் கட்டியிருக்க முடியாது. ஆனால் அதன் ஒவ்வொரு தையலையும் இறுக்கியவன் அதிலேயே கடல் தாண்ட வேண்டியவன்.

கப்பலின் தரத்தைப் பார்ப்பது அதில் ஏறும் மாலுமியின் வேலை என்பதும் அன்றே வழக்கிலிருந்தது. அரபுக் கடலோடிகள் வழிகாட்டும் மாலுமியை 'முஅல்லிம்' என்றார்கள். ஆசிரியன் என்று பொருள். தமிழில் 'மாலுமி' என்ற சொல்லே இதிலிருந்து வந்ததுதான் என்பர். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இதில் ஒரு சிறு கர்வம் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் கடலோடிக் கதைத் தொகுப்பான 'அஜாயிப் அல்-ஹிந்த்', அபஹரா என்ற கிர்மான்காரரைப் பற்றிச் சொல்கிறது. அக்காலத்தில் பலர் ஒருமுறை போய்த் திரும்பவே அஞ்சிய சீனாவுக்கு ஏழுமுறை போனவர் அவர். ஒருமுறை சீனக் கடலில் சிறு தோணியொன்றில் தோற்பை நிறையத் தண்ணீரோடு தனியே மிதந்துகொண்டிருந்த அவரை ஒரு பெரிய கப்பலார் கண்டு, ஏறும்படி அழைத்தார்கள். அவர் மறுத்தார். உங்கள் நிலையைவிட என் நிலை மேல் என்றார்! பலமாக வற்புறுத்தியபின், கப்பலின் பொறுப்பு முழுவதையும் தன்னிடம் தரவேண்டும், ஆயிரம் தீனார் கூலி வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏறினார். ஏறியதும் பாரச் சரக்கைக் கடலில் தள்ளச் செய்தார், பெரிய பாய்மரத்தை வெட்டச் செய்தார். சில நாளில் எழுந்த பெரும்புயலில் கப்பல் தப்பியது. கதையில் உப்பும் புளியும் கூடியிருக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிப் பாரமேற்றிய பெருங்கப்பலைவிடத் தோணி மேல் என்று ஒரு தொழில்காரன் கணித்த கணிப்பு கற்பனையில் வருவதல்ல.

தையற் கப்பல் தூரக் கடலுக்குத் தாங்குமா என்ற ஐயத்துக்கு இப்போது கடலடியிலிருந்தே விடை கிடைத்துள்ளது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மீனவர்கள் கண்ட கப்பல் ஏறக்குறைய 18 மீற்றர் நீளமானது, ஆணியே இல்லாமல் தைக்கப்பட்டது. மரம் ஆபிரிக்காவினுடையது. உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருட்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குரிய திகதி பொறித்திருந்தது. மேற்காசியாவிலிருந்து சீனம்வரை போய்த் திரும்பும் வழியில் அது அமிழ்ந்தது. நமக்குக் கிடைத்த மிகச்சிறந்த சான்று மூழ்கிய கப்பல்தான் என்பது ஒரு வேடிக்கை, கரைசேர்ந்தவை விறகாகிவிட்டன. 2013இல் தாய்லாந்தின் சமுத் சாக்கோனில், நீர்ப்பண்ணை ஒன்றில், 8ஆம் நூற்றாண்டுக்குரிய இன்னொரு தையற் கப்பல் வெளிப்பட்டது.

ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1980இல் டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் 'ஸோஹார்' என்ற தையற் கப்பலைக் கட்டுவித்தார். மலபார் மரம், இலட்சத்தீவுகளின் அகத்தியிலிருந்து வந்த தையற்காரர்கள், ஏறக்குறைய 640 கிலோமீற்றர் தும்புக் கயிறு. அவ்வருடம் நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு இலங்கையையும் தொட்டு, 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சோவை அடைந்தது. இலங்கைக்கும் சுமாத்திராவுக்கும் இடையில் முறிந்தது பாயைத் தாங்கும் குறுக்குமரமே. பெலித்துங் கப்பலின் அளவில் கட்டப்பட்ட 'மஸ்கட்டின் ஆபரணம்' 2010 பெப்ரவரி 16இல் மஸ்கட்டை விட்டு, கொச்சியிலும் காலியிலும் தரித்து, ஜூலை 3இல் சிங்கப்பூர் சேர்ந்தது. காலியில் அதற்குப் பாய்மரங்கள் மாற்ற வேண்டியிருந்தது. இலங்கைக் காட்டு மரங்களை நாட்டிக்கொண்டு அது கிழக்கே போனது. வானொலியும் செய்மதி வானிலை அறிக்கையும் துணையிருந்த இப்பயணங்களை 9ஆம் நூற்றாண்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. எனினும் இரண்டிலும் இடையில் முறிந்தவை பாயைத் தாங்கிய மரங்கள். தைத்த உடல் கடைசித் துறைவரை தாங்கியது.

இந்த முறைக்குரிய எல்லைகளையும் சொல்ல வேண்டும். தையற் கப்பலை ஓரளவுக்கு மேல் பெரிதாக்க முடியாது. பீரங்கியின் அதிர்வைத் தாங்கும் என்றும் எவரும் அதனை நம்பவில்லை. 1498இல் வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் ஆபிரிக்கக் கரையில் ஆணியற்ற கப்பல்களை வியந்து பார்த்தார்கள். அதன்பின் ஒரே நூற்றாண்டில் கடல் என்பது வணிகரின் வழி என்ற நிலைமாறிப் பீரங்கி வைத்திருப்பவனின் சொத்தாயிற்று. அந்தப் புதிய தேவைக்குத் தும்பு ஈடுகொடுக்கவில்லை. பெருங்கப்பல்களில் ஆணி வந்தது. தையல் கரைவலைத் தோணிகளோடு ஒதுங்கியது.

எமது புத்தளத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு பாக்கியிருக்கிறது. 1344இல் இப்னு பதூதா இங்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகி, பாவா ஆதம் மலைக்குப் போய்த் திரும்பி, இதே கரையிலிருந்து மஃபருக்குக் கப்பலேறினார். காற்று பலத்தது. கப்பலில் அந்தக் கடலை அறிந்த மாலுமி இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். பாறையில் மோதாமல் தப்பி, ஆழமற்ற இடத்தில் கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டியெறிந்தார்கள். மாலுமிகள் மரங்களைக் கயிற்றால் பிணைத்துத் தெப்பம் கட்டினார்கள். தோழர் இருவரையும் அடிமைப்பெண் ஒருத்தியையும் அதில் ஏற்றினார் இப்னு பதூதா. நீந்தத் தெரிந்த மற்றவள் தெப்பத்தின் கயிறொன்றைப் பற்றிக்கொண்டு கூடவே நீந்துவதாகச் சொன்னாள். தன் விலையுயர்ந்த பொருட்களையும் அதிலேயே அனுப்பிவிட்டு அவர் கப்பலில் நின்றுகொண்டார். தெப்பம் பத்திரமாகக் கரைசேர்ந்தது. அவரோ நீர் நிறைந்துகொண்டிருந்த கப்பலின் பின்னணியத்தில் ஏறி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் அக்கரை மக்கள் படகொன்றில் வந்து அவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.